பங்கு கொள்ளும் சொல்: ஓர் ஆங்கில விதியின் வரலாறு

ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை ஒன்று உண்டு. 'வாக்கிங் அலாங் தி ரோட், எ ஸ்நேக் பிட் ஹிம்' என்று எழுதுவார்கள். அவன் சாலை வழியே நடந்து சென்றபோது ஒரு பாம்பு அவனைக் கடித்தது என்பதே அவர்கள் கருத்து. ஆனால் எழுதியபடி அத்தொடர் தரும் பொருள் வேறு. சாலையில் நடந்து சென்றது பாம்பு என்று ஆகிவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையினால் கோடிட்டு, 'பார்ட்டிசிப்பிள் எழுவாயைச் சேர வேண்டும்' என்று ஓரத்தில் குறிப்பார். மாணவரும் அதனை மனப்பாடம் செய்வார். எனினும் அடுத்த கட்டுரையில் அதே பிழை வேறு வடிவத்தில் வந்து நிற்கும்.

விதி மனத்தில் நில்லாமைக்கு ஒரு காரணம் உண்டு. அஃது எவ்வாறு பிறந்தது என்பதை நாம் மாணவர்க்கு எடுத்துச் சொல்வதில்லை. காரணம் அறியாது கற்ற விதி, வேர் இல்லாத நாற்றுப் போன்றது. ஆகவே இன்று இவ்விதியின் வரலாற்றை ஒருவாறு பார்ப்போம். அவ்வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கிரேக்க நாட்டினர் கல்விக் கூடத்தில் தொடங்கி, அண்மைக் காலத்து நீதிமன்றம் ஒன்றின் வாயில் வரை வருவது.

முதலில் பார்ட்டிசிப்பிள் என்பது யாது என்று தெளிவு செய்துகொள்வோம். 'வாக்கிங்', 'ப்ரோக்கன்', 'ஹாவிங் சீன்' என்பன அதற்கு எடுத்துக்காட்டுகள். இவை வினையிலிருந்து பிறந்தவை, செயலை உணர்த்துபவை. ஆயினும் இவற்றால் ஒரு வாக்கியம் முற்றுப் பெறுவதில்லை. முடித்துவைக்க வேறொரு சொல் வேண்டும். இத்தகைய குறைச் சொற்களை நம் இலக்கண ஆசிரியர்கள் எச்சம் என்றனர். ஆங்கில பார்ட்டிசிப்பிளும் நம் எச்சமும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் பேச்சு எளிதாகும் பொருட்டு, எச்சம் என்ற சொல்லையே இங்கு வழங்குகிறேன்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், அலெக்சாந்திரியா நகரத்துக் கல்வி மரபில் தோன்றியவர் டயோனீசியஸ் த்ராக்ஸ். அவர் பெயரால் வழங்கும் சிறிய கிரேக்க இலக்கண நூல் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கிறது. பெயர், வினை என்பவற்றோடு, எச்சத்தையும் தனியொரு வகையாக அது வைத்தது. அதற்கு இட்ட பெயர் 'மெட்டொக்கே'. பங்கு கொள்வது என்பது அதன் பொருள். ஏன் இப்பெயர்? கிரேக்க எச்சம், வினையைப் போலக் காலம் காட்டும். பெயரைப் போல வேற்றுமையும் பாலும் எண்ணும் ஏற்கும். இரு வீட்டாரின் சொத்திலும் பங்கு உடைய பிள்ளையைப் போல அஃது இருந்தது. உரோமானியர் இப்பெயரை மொழிபெயர்த்தே 'பார்ட்டிசிப்பியம்' என்றனர். 4ஆம் நூற்றாண்டில் உரோமையில் பாடம் சொன்ன டொனாட்டஸ் என்னும் ஆசிரியரின் சிறு நூல், இடைக்கால ஐரோப்பா முழுவதும் பள்ளிச் சிறுவரின் முதல் இலக்கண நூலாக விளங்கிற்று. அதிலும் எச்சம் எட்டில் ஒன்றாகவே நின்றது.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தில் வைக்க வேண்டும். இலத்தீன் மொழியில், எச்சம் யாரைச் சேர்ந்தது என்பதனை அதன் ஈறே காட்டிவிடும். உறங்குகின்றவர் எழுவாயாக இருப்பின் 'டார்மியன்ஸ்' என்று வரும். உறங்குகின்றவர் செயப்படுபொருளாக இருப்பின் 'டார்மியென்டெம்' என்று வரும். ஆகவே, உறங்கிய ஒருவனைப் பாம்பு கடித்தது என்று இலத்தீனில் எழுதுகையில், அந்த எச்சத்தை வாக்கியத்தின் முதலில் வைத்தாலும் நடுவில் வைத்தாலும் கடையில் வைத்தாலும் ஐயம் எழாது. உறங்கியது பாம்பா மனிதனா என்பதை ஈறு சொல்லிவிடும். சொல் நிற்கும் இடம் அங்கே பெரிதன்று.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1000ஆம் ஆண்டையொட்டி, ஆல்ஃப்ரிக் என்னும் துறவி, சிறுவர்கள் இலத்தீன் கற்கும் பொருட்டு ஓர் இலக்கண நூல் இயற்றினார். இலத்தீன் இலக்கணத்தை அவர் தம் நாட்டுமொழியாகிய பழைய ஆங்கிலத்திலேயே விளக்கினார். பார்ட்டிசிப்பியம் என்பதை அவர் கடன் வாங்கவில்லை. 'பங்கு கொள்வது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களாலேயே அதனைப் பெயர்த்து உரைத்தார். கலைச்சொல்லைத் தாய்மொழியில் ஆக்க இயலுமா என்று ஐயுறுவோர் இம்முயற்சியை நினைவிற்கொள்வது நன்று.

ஆல்ஃப்ரிக் காலத்து ஆங்கிலத்திற்கும் ஈறுகள் இருந்தன. எச்சங்களும் பெயரடைகளைப் போல வேற்றுமை ஈறுகள் ஏற்பதுண்டு. செயல் நிகழ்வதைக் காட்டும் எச்சம் 'எண்டெ' என்று முடிந்தது. செயலின் பெயராக நிற்கும் தொழிற்பெயர் 'உங்' அல்லது 'இங்' என்று முடிந்தது. இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒன்றை ஒன்றாக மயங்க வழியில்லை.

பின்னர் வந்த நான்கைந்து நூற்றாண்டுகளில் இந்நிலை மாறியது. ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் முன் அசையில் விழுந்தமையால் ஈற்றசைகள் மெலிந்தன. டேனியரும் நார்மானியரும் வந்து கலந்தமையும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது என்பர். வேற்றுமை ஈறுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எச்சத்தின் 'எண்டெ' என்ற ஈறு, வடக்கே ஒரு வடிவமும் தெற்கே வேறொரு வடிவமும் கொண்டு சில காலம் வழங்கிப் பின் மறைந்தது. அதன் இடத்தை 'இங்' என்பதே பிடித்துக்கொண்டது. இவ்வாறு எச்சமும் தொழிற்பெயரும் ஒரே உருவம் பெற்றன. இன்று 'ரீடிங்' என்ற சொல்லைக் கண்ட அளவில் அது 'படிக்கின்ற' என்பதா, 'படித்தல்' என்பதா என்று மாணவர் திகைப்பதற்கு இதுவே காரணம்.

ஈறு போயிற்று, ஆனால் அது செய்துவந்த வேலை போகவில்லை. எச்சம் யாரைச் சேரும் என்பதை யாரேனும் காட்டத்தானே வேண்டும்? அவ்வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. வாக்கியத்தின் தலைப்பில் எச்சத்தொடர் நின்றால், அடுத்து வரும் எழுவாயை அது தழுவும் என்ற எதிர்பார்ப்பு படிப்போர் மனத்தில் படிந்தது. நாம் இன்று கற்பிக்கும் விதியின் பிறப்பிடம் இதுவே. இழந்த ஈற்றிற்கு ஈடாக வந்தது இவ்விதி.

இம்மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், எச்சத்தைக் கையாள்வது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஜான் விக்ளிஃப் 1384இல் காலமானார். அவர் வழியினர் விவிலியத்தை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தனர். அப்பெயர்ப்பு திருத்தப்பெற்றபோது, 1395ஐ ஒட்டி ஒரு நீண்ட முன்னுரை அதற்கு எழுதப்பட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்காது. வாக்கியத்தின் கருத்தையே பெயர்க்க வேண்டும் என்று அம்முன்னுரை வாதிடுகிறது. அதற்குக் காட்டும் சான்றுகளில் எச்சமும் ஒன்று. இலத்தீனில், தனக்கென ஓர் எழுவாயைக் கொண்டு தனித்து நிற்கும் எச்சத்தொடர் ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிக்க மாணவன் நிற்பதாகிய ஒரு நிகழ்ச்சியை வைத்து அம்முன்னுரை அதனை விளக்குகிறது. ஆசிரியர் வாசிக்கும்பொழுது நிற்கிறானா? வாசிப்பதனால் நிற்கிறானா? வாசிப்பாராயின் நிற்பானா? காலம், காரணம், நிபந்தனை ஆகிய மூன்றில் எதனையும் அத்தொடர் குறிக்கலாம். ஆகவே இடம் நோக்கி இவற்றுள் ஏற்றதனை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்து விரித்து எழுத வேண்டும் என்பது அதன் அறிவுரை.

மாணவ நண்பர்களே, இவ்வறிவுரையை மறவாதீர்கள். எச்சம் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுகிறது. 'யார்' என்பது ஒன்று. 'எத்தொடர்பினால்' என்பது மற்றொன்று. முன்னதற்கு இடம் விடை தருகிறது. பின்னதற்கு ஆங்கிலத்தில் இன்றுவரை உறுதியான அடையாளம் இல்லை.

அச்சு நூல்கள் பெருகியபோது, ஆங்கிலத்திற்கும் இலக்கணம் எழுதப் புகுந்தனர். 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்ட சிறு நூலே ஆங்கில மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் என்பர். அவர் இலத்தீன் முறையையே பின்பற்றி, எட்டு வகைச் சொற்களுள் எச்சத்தையும் ஒன்றாக வைத்தார். ஆனால் அவர் காலத்து ஆங்கில எச்சத்திற்கு வேற்றுமையும் இல்லை, பாலும் இல்லை. பெயர் வீட்டில் அதற்கு இருந்த பங்கு பெரும்பாலும் போய்விட்டது. பழைய பட்டம் மட்டும் எஞ்சியது.

அக்காலத்துப் பேரறிஞர்கள் நம் விதியைப் பொருட்படுத்தினரா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் 1600ஐ ஒட்டி எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில், இறந்த மன்னனின் ஆவி தன் மகனிடம் பேசுகிறது. தான் தோட்டத்தில் உறங்குகையில் பாம்பு தீண்டி இறந்ததாக நாட்டில் பரப்பியிருப்பதை அது சொல்கிறது. அங்கே உறங்குதலைக் குறிக்கும் எச்சம், பாம்பு என்ற எழுவாயின் முன் நிற்கிறது. விதியின்படி உறங்கியது பாம்பு. ஆயினும் நாடகம் பார்ப்போர் யாரும் அவ்வாறு கொள்வதில்லை. சூழ்நிலை பொருளைக் காப்பாற்றிவிடுகிறது. அடுத்து, அப்பாம்பு உண்மையில் மன்னனின் உடன்பிறந்தானே என்று ஆவி வெளிப்படுத்துகிறது. செயலைச் செய்தவர் யார் என்பதே அந்நாடகத்தின் உயிர்நாடி. மேடையில் குரலும் முகக்குறிப்பும் அதற்கு விடை சொல்லும். காகிதத்தில் எழுதும் நமக்கு அத்துணைகள் இல்லை.

18ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. புத்தகம் படிக்கும் நடுத்தர மக்கள் பெருகினர். திருத்தமாக எழுத வேண்டும் என்ற ஆர்வமும் பெருகியது. 1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி எட்டு வகைச் சொற்களிலிருந்து எச்சத்தை நீக்கி, பெயரடையை அவ்விடத்தில் அமர்த்தினார். வேதியியலில் பெயர் பெற்ற பிரீஸ்ட்லியே இவர். அடுத்த ஆண்டு, 1762இல், பின்னாளில் லண்டன் பேராயரான ராபர்ட் லோத் தம் இலக்கணத்தை வெளியிட்டார். அவரும் எச்சத்தை வினையின் ஒரு வடிவமாகவே கொண்டார். தனித்து நிற்கும் எச்சத்தொடரின் எழுவாய் எந்த வேற்றுமையில் வரவேண்டும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். இலத்தீன் பயிற்சி மிக்க மில்டன் போன்றோர் சில இடங்களில் 'ஹிம்' என்று எழுதியிருந்தனர். ஆங்கில இயல்புப்படி 'ஹி' என்பதே தகும் என்பது லோத்தின் முடிவு. 1795இல் லிண்ட்லி மர்ரே, யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் பொருட்டு எழுதிய நூல், இம்முடிவுகளைப் பள்ளிதோறும் பரப்பியது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அவருடைய நூல் பல பதிப்புகளாக இரு நாடுகளிலும் வழங்கிற்று.

பற்றுக்கோடு இன்றித் தொங்கும் எச்சத்தைத் தனிப் பிழையாகப் பெயரிட்டு விரிவாகக் கண்டித்தவர்கள் பிற்காலத்தவர். ஃபௌலர் உடன்பிறந்தார் இருவர் 1906இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' என்ற நூலும், அவருள் மூத்தவர் 1926இல் வெளியிட்ட வழக்கு அகராதியும் இதில் குறிப்பிடத்தக்கவை. ஆனால் ஃபௌலர் கண்மூடித்தனமாகத் தடை விதிக்கவில்லை. 'கன்சிடரிங்' போன்ற சில சொற்கள் எச்சத்தன்மை நீங்கி, முன்னிடைச்சொற்களாகவே ஆகிவிட்டன என்று அவர் உணர்ந்திருந்தார். அவற்றிற்கு எழுவாய் தேட வேண்டுவதில்லை.

இத்தகைய சொற்கள் ஆங்கிலத்தில் பல. 'டூரிங்' என்பதும் ஒரு காலத்தில் எச்சமே. நீடித்து நிற்கும் என்பது அதன் பழம் பொருள். 'கன்சர்னிங்', 'அக்கார்டிங்' என்பனவும் அவ்வாறே. 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற நெடுஞ்சொல், தடையாக நில்லாமல் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் தனித்தொடரின் பெயர்ப்பு. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பில் இச்சொல்லால் தொடங்கும் விதிகள் பல உள. அத்தகைய விதிகளை வழக்கறிஞர்கள் இன்றும் 'நான் அப்ஸ்டாண்டே' என்ற இலத்தீன் பெயராலேயே குறிக்கின்றனர்.

இவையெல்லாம் புலவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. ஓர் எச்சத்தொடர் ஒரு பெரிய நாட்டின் சட்டத்தையே கலக்கிய வரலாறு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம் 1791இல் சேர்க்கப்பட்டது. அதன் முற்பகுதி, ஒழுங்குடைய குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்ற கருத்தைச் சொல்கிறது. பிற்பகுதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. முற்பகுதியில் வினைமுற்று இல்லை. 'பீயிங்' என்ற எச்சமே உண்டு. அதாவது, தனக்கென எழுவாய் கொண்டு தனித்து நிற்கும் எச்சத்தொடர் அது. அதற்கும் பிற்பகுதிக்கும் என்ன தொடர்பு? குடிப்படை வேண்டும் என்னும் காரணத்தால் உரிமையா? குடிப்படையின் அளவிற்குள் மட்டும் உரிமையா?

2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தலைநகராகிய வாஷிங்டனில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த சட்டம் பற்றிய வழக்கில் இக்கேள்வியை ஆராய்ந்தது. மொழியியல் அறிஞர் சிலர் தனி எச்சத்தொடரின் இலக்கணத்தை விளக்கி நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் உரை அளித்தனர். ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒரு புறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர். முற்பகுதி நோக்கத்தை அறிவிக்கிறதே அன்றி உரிமையைக் குறுக்கவில்லை என்று ஐவர் சார்பில் நீதிபதி ஸ்காலியா எழுதினார். அவ்வுரிமை குடிப்படைப் பணியோடு பிணைந்தது என்று மறுபுறத்தில் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். இலக்கணம் மட்டுமே அவ்வழக்கை முடித்தது என்று நான் கூறவில்லை. வரலாறும் முன்தீர்ப்புகளும் பெரும் பங்கு பெற்றன. ஆயினும், விக்ளிஃப் வழியினர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சுட்டிய அதே ஐயமே அங்கும் வந்து நின்றது. அத்திருத்தத்தை எழுதியவர்கள் தங்கள் கருத்தை ஓர் இணைப்புச் சொல்லோடு விரித்து எழுதியிருப்பின், வழக்கின் ஒரு பகுதியேனும் எழாமல் இருந்திருக்கும்.

தமிழ் மாணவர்க்கு இவ்விதி புதியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு வினையெச்சங்களும் தம் வினைமுதலோடு முடியவேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தார். எச்சத்தைச் செய்தவனே முற்றையும் செய்தவனாதல் வேண்டும் என்பது இதன் கருத்து. 'சாலையில் நடந்து பாம்பு அவனைக் கடித்தது' என்று சொன்னால், இலக்கணம் கல்லாத சிறுவனும் நகைப்பான். எழுவாய் வேறாயின், 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்று வேறு வாய்பாட்டு எச்சத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். 'ஞாயிறு பட்டு வந்தான்' என்பது போன்ற வழக்குகளை நம் உரையாசிரியர்களும் கண்டனர். அவற்றைப் பிழையென ஒதுக்காமல், 'பட' என்பது 'பட்டு' எனத் திரிந்தது என்று அமைதி கூறினர். ஆக, விதியும் வேண்டும், வழக்கை மதிக்கும் பண்பும் வேண்டும் என்பதை இரு மொழியும் கற்பிக்கின்றன. வேறுபாடு ஒன்றே. தமிழில் எச்சத்தின் ஈறே எழுவாய் ஒன்றா வேறா என்பதை உணர்த்த உதவுகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய ஈறு இல்லை. ஆகவே தமிழில் இயல்பாக விழிப்புடன் இருக்கும் மாணவர், ஆங்கிலத்தில் இரட்டிப்பு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. எச்சத்தால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதும், 'இதனைச் செய்தவர் யார்?' என்று கேளுங்கள். அவரே அடுத்து எழுவாயாக வரட்டும். 'வாக்கிங் அலாங் தி ரோட், ஹி வாஸ் பிட்டன் பை எ ஸ்நேக்' என்றால் குறையில்லை. எழுவாயை மாற்ற விருப்பமில்லையாயின், எச்சத்தை விரித்து, 'ஆஸ் ஹி வாஸ் வாக்கிங் அலாங் தி ரோட், எ ஸ்நேக் பிட் ஹிம்' என்று எழுதுங்கள். 'பீயிங் எ மார்க்கெட் டே, தி பஸ் வாஸ் ஃபுல்' என்று எழுதினால், சந்தை நாளாக இருந்தது பேருந்தே என்று ஆகும். 'இட் பீயிங் எ மார்க்கெட் டே' என்று எச்சத்திற்கு அதன் எழுவாயைக் கொடுத்துவிட்டால் அது தனித்து நிற்கும் தகுதி பெறும். அதன்பின் இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்: இத்தொடர்பு காலமா, காரணமா, நிபந்தனையா? படிப்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட விடை காணக்கூடும் என்று தோன்றினால், எச்சத்தை விட்டுவிட்டு, வென், பிகாஸ், இஃப் என்பவற்றுள் உரிய சொல்லை இட்டு எழுதுங்கள்.

பங்கு கொள்ளும் சொல் என்று கிரேக்கர் இதற்குப் பெயரிட்டனர். அதன் பங்கு எங்கே உள்ளது என்பதை ஈறுகள் ஒரு காலத்தில் காத்தன. இன்று அக்காவல் எழுதுகின்றவர் கையில் இருக்கிறது.